மண்ணீரலில் ஒரு புள்ளி

கொழும்பில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், பின்னேரம் ஆறு மணிக்குத் திறக்கும் சின்ன டிஸ்பென்சரி என்னுடையது. தடிமன், பிரஷர், சீனி வருத்தம், மூட்டு நோவு. இவைதான் அன்றாடம். கொஞ்ச வருடங்களாக இன்னொரு வகை ஆட்களும் வருகிறார்கள். அவர்களுக்கு உடம்பில் ஒரு வருத்தமும் இருக்காது. கையில் ஒரு ரிப்போர்ட் இருக்கும்.

போன மாதம் வந்த அம்மாவுக்கு 61 வயது. வெள்ளவத்தையில் மகளோடு இருக்கிறார். (ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நாற்காலியில் இருக்கு முன்னமே கவரை மேசையில் வைத்தார்.

"தம்பி, பித்தப்பையில கல்லிருக்கோ எண்டு பாக்கத்தான் ஸ்கான் எடுத்தது. கல்லு இல்லையாம். மண்ணீரலில என்னவோ இருக்காம். மகள் போனில தேடிப்போட்டு ராத்திரி முழுக்க நித்திரை இல்லை."

ரிப்போர்ட்டைப் படித்தேன். ஈரலில் லேசாகக் கொழுப்பு. பித்தப்பை சுத்தம். மண்ணீரல் 10.8 செ.மீ. நீளம், அதற்குள் 1.4 × 1.2 செ.மீ. அளவில், ஓரம் தெளிவான, வெளிச்சமாகத் தெரியும் ஒரு 'லீஷன்'. கடைசி வரி: சி.ரி. ஸ்கான் செய்து பார்ப்பது நல்லது. அந்த 'லீஷன்' என்ற சொல்லை மகள் கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தபோது 'புண்' என்று வந்ததாம். வயிற்றுக்குள் புண் என்றால் யாருக்குத்தான் நித்திரை வரும்? ரிப்போர்ட் எழுதியவர் சொல்ல வந்தது, 'சுற்றியுள்ள சதையிலிருந்து வேறாகத் தெரியும் ஓர் இடம்' என்பது மட்டுமே.

தமிழிலும் இந்தச் சிக்கல் உண்டு. சீழ் பிடித்தாலும் கட்டி, நீர் நிரம்பிய பையும் கட்டி, கொழுப்பு உருண்டையும் கட்டி, புற்றுநோயும் கட்டி. "கட்டியாம்" என்று ஒருவர் போனில் சொன்னால் கேட்பவர் நேரே மஹரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார், மனதளவில்.

தேடாமல் கிடைக்கும் இப்படியான விஷயங்களைத் தற்செயல் கண்டுபிடிப்பு என்போம். வயிற்று ஸ்கான் என்று துண்டு எழுதினால் ஈரல், பித்தப்பை, கணையம், இரண்டு சிறுநீரகம், மண்ணீரல் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்ப்பதுதான் வழக்கம். கொழும்பில் இந்தச் சுற்று அடிக்கடி நடக்கிறது. அலுவலகத்தில் வருடாந்த மெடிக்கல், தனியார் ஆஸ்பத்திரிகளின் செக்கப் பேக்கேஜ், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் காசு அனுப்பி "அம்மாவுக்கு ஒருக்கா முழுசாப் பாருங்கோ" என்று சொல்வது. இவற்றோடு டெங்கு. டெங்கு வார்ட்டில் நெஞ்சறையிலும் வயிற்றிலும் நீர் கசிகிறதா, பித்தப்பைச் சுவர் தடித்திருக்கிறதா என்று பார்க்க அல்ட்ராசவுண்ட்தான் கைகொடுக்கிறது. 2017இல் மட்டும் நாடு முழுவதும் 1,86,000க்கு மேற்பட்ட டெங்குச் சந்தேக நோயாளிகள் பதிவானார்கள். அந்த வருடமும் அதன் பிறகும் காய்ச்சலுக்காக ஸ்கான் செய்யப்பட்டு, காய்ச்சல் ஆறி வீடு திரும்பும்போது மண்ணீரலைப் பற்றிய ஒரு வரியையும் சேர்த்துக் கொண்டுபோனவர்கள் பலரை எனக்குத் தெரியும். டெங்கிலேயே மண்ணீரல் சற்றுப் பெருக்கலாம் என்பது வேறு கதை. அது காய்ச்சலோடு வந்து காய்ச்சலோடு போகும்.

இந்த உறுப்புக்கும் இந்தத் தீவுக்கும் பழைய பழக்கம் ஒன்று இருக்கிறது. நாட்பட்ட காய்ச்சலால் இடது விலாவுக்குக் கீழே தடித்து நிற்பதற்குக் 'காய்ச்சற்கட்டி' என்றே தமிழில் பெயர் இருந்தது. அது பெரும்பாலும் மலேரியா மண்ணீரல். 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் செத்துப்போனார்கள். ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு ஊறியிருக்கிறது என்று அறிய அந்தக் காலத்து மருத்துவர்கள் செய்தது மிக எளிமையான வேலை: பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். நூறு பிள்ளைகளில் எத்தனை பேரின் மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறது என்ற கணக்குத்தான் அந்த ஊரின் மலேரியா அளவுகோல். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. இன்று மண்ணீரலைக் கையால் தேடுபவர் குறைவு. கருவியின் திரையில் தற்செயலாகச் சந்திப்பவர்களே அதிகம். மண்ணீரல் ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பெருத்தால்தான் கைக்குத் தெரியும். ஸ்கானுக்கோ அரை சென்ரிமீற்றர் புள்ளியும் தெரிகிறது. நாம் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிற சாதனம் அது.

அந்தப் பதில் எப்படிக் கிடைக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். குளிரூட்டிய இருட்டறை. மேலுடுப்பை உயர்த்திவிட்டுப் படுக்கிறீர்கள். குளிர்ந்த ஜெல். இங்கே பெரும்பாலும் கருவியைப் பிடிப்பவர் வைத்தியரேதான். ஈரல் பக்கம் முடிந்ததும் "வலது பக்கம் சரிஞ்சு படுங்கோ, இடது கையைத் தலைக்கு மேல வையுங்கோ" என்பார். காரணம், மண்ணீரல் 9ஆம் விலாவுக்கும் 11ஆம் விலாவுக்கும் உள்ளே, உதரவிதானத்தை ஒட்டி ஒளிந்திருக்கிறது. கையை உயர்த்தினால் விலா இடுக்கு விரிகிறது. அந்த இடுக்கு வழியாகத்தான் ஒலியலை உள்ளே போக வேண்டும். "மூச்சை இழுத்துப் பிடியுங்கோ" என்றால் நுரையீரல் காற்று திரைபோல் இறங்கி மேல்முனையை மறைத்துவிடும். "கொஞ்சம் விடுங்கோ" என்றால் ஒரு விநாடி முழுதாகத் தெரியும். அந்த ஒரு விநாடியில் படத்தை நிறுத்தி, இரண்டு முனையிலும் குறி வைத்து நீளம் அளக்கிறார். அடுத்த கட்டிலில் வேறொருவர் அளந்தால் அதே மண்ணீரல் அரை சென்ரிமீற்றர் கூடியோ குறைந்தோ வரலாம். 12 செ.மீ. என்ற வழமையான எல்லையைச் சற்றே தாண்டிய 12.3 என்ற எண்ணைப் பார்த்துக் கலங்குபவர்களுக்கு இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இருட்டறையில் ஏமாற்றும் விஷயங்களும் உண்டு. சிலருக்கு ஈரலின் இடது மடல் நீண்டு வந்து மண்ணீரலைச் சுற்றி அணைத்திருக்கும். ஈரல் சற்றுக் கறுப்பாகத் தெரிவதால் மண்ணீரலைச் சுற்றி இரத்தம் கட்டியிருப்பதுபோல் ஒரு தோற்றம். நீர் குடித்துவிட்டுப் போனால் இரைப்பையே நீர்க்கட்டி வேஷம் போடும். மண்ணீரலின் ஓரத்தில் பிறவியிலேயே இருக்கும் வெட்டுப் போன்ற மடிப்பு, விபத்துக்குப் பிறகு பார்த்தால் கிழிசல் போலிருக்கும். அனுபவமுள்ள கை இவற்றை உடனே பிரித்துவிடும். நேரமில்லாத கை, "சி.ரி. செய்து பார்க்கவும்" என்று எழுதிவிட்டு அடுத்த இலக்கத்தைக் கூப்பிடும். குறை சொல்லவில்லை. பின்னேரம் நாற்பது பேரை ஸ்கான் செய்பவர் தன்னைக் காத்துக்கொள்ள எழுதும் வரி அது. ஆனால் அந்த ஒரு வரி நோயாளியின் வீட்டில் எவ்வளவு பெரிதாக வளர்கிறது என்று எழுதியவருக்குத் தெரிவதில்லை.

சரி, புள்ளி என்றால் என்ன புள்ளி?

அடிக்கடி காண்பது குட்டி மண்ணீரல். பெரிய மண்ணீரலின் வாசற்பக்கம், இரத்தக்குழாய் நுழையும் இடத்தருகே, கடலை உருண்டைபோல் ஒன்று, பெரும்பாலும் 2 செ.மீ.க்கு உட்பட்டது. கருவில் மண்ணீரல் உருவாகும்போது ஒன்றோடொன்று சேராமல் தங்கிவிட்ட துண்டு. சனத்தொகையில் 10 முதல் 30 சதவீதம் பேருக்கு இது உண்டு. தாய் மண்ணீரலின் நிறமும் சாயலும் அப்படியே இருக்கும். இதற்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. கணையத்தின் வால்பகுதிக்குள் போய் ஒளிந்துகொண்டால் மட்டும் கணையக் கட்டியென்று ஆளைக் குழப்பும்.

அடுத்தது சுண்ணாம்புப் புள்ளிகள். வெள்ளை வெளேரென்று, பின்னால் கறுப்பு நிழல் விழ, ஒன்றோ பலவோ. உடம்பு எப்போதோ சண்டைபிடித்து முடித்த தொற்றொன்றின் தழும்பு. நம்மூரில் அனேகமாகப் பழைய காசநோய். "எனக்கு ரி.பி. வந்ததேயில்லை" என்பார்கள். வந்ததும் தெரியாமல் ஆறியதும் தெரியாமல் போனவர்கள் நிறைய. இருமலோ காய்ச்சலோ உடல் மெலிவோ இல்லாவிட்டால் இந்தத் தழும்பைத் துரத்த வேண்டாம்.

நீர்க்கட்டி மூன்றாவது. முழுக் கறுப்பு, மெல்லிய சுவர், பின்னால் வெளிச்சம் கூடும். பிறவியில் வந்ததாக இருக்கலாம். எப்போதோ விழுந்து அடிபட்டு, உள்ளே கட்டிய இரத்தம் கரைந்து நீரானதாகவும் இருக்கலாம். "சின்ன வயசில மாமரத்தால விழுந்தனான்" என்று ஐம்பது வயதில் ஞாபகம் வந்தவர் ஒருவர் இருக்கிறார். சிறியது, எளியது என்றால் விட்டுவிடலாம். 5 செ.மீ.க்கு மேலே, அல்லது இடது பக்கம் பாரமாக நோகிறது, சாப்பிட்டால் வயிறு உடனே நிரம்புகிறது என்றால் சத்திரசிகிச்சை நிபுணரோடு பேச வேண்டும். உள்ளே தடுப்புச்சுவர்களோ குட்டிக் கட்டிகளோ தெரிந்தால் ஒட்டுண்ணிக் கட்டியையும் நினைக்க வேண்டும். செம்மறியாடும் நாயும் சேர்ந்து வாழும் நாடுகளில் அது பரவல். அதனால்தான் மத்திய கிழக்கில் வேலை செய்துவிட்டு வந்தவரா என்று கேட்கிறோம். ஒரு விஷயம் இடையில் சொல்லிவிடுகிறேன்: சில பிறவி நீர்க்கட்டிகள் 'சி.ஏ. 19-9' என்ற இரத்தக் குறியீட்டைக் கூட்டிக் காட்டும். பேக்கேஜில் 'கான்சர் மார்க்கர்' சேர்த்து விற்கிற காலத்தில், கணையப் புற்றுநோய்க்கென்று பேர்பெற்ற அந்த எண் உயர்ந்து, வெறும் நீர்க்கட்டிக்காரர் ஒருவர் நடுங்கிப்போக இது போதும்.

நான்காவது, அந்த அம்மாவின் ரிப்போர்ட்டில் இருந்தது போன்ற வெளிச்சப் புள்ளி. மண்ணீரலில் ஓரம் தெளிந்த, சிறிய, வெளிச்சமான திண்மப் புள்ளியென்றால் பெரும்பாலும் ஹெமன்ஜியோமா, அதாவது இரத்தக்குழாய்கள் பந்தாகச் சுருண்ட தீங்கற்ற கட்டி. மண்ணீரலிலேயே தோன்றும் தீங்கற்ற கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுதான். மறுபக்கம், கறுப்புச் சாயலுள்ள திண்மப் புள்ளிகள், ஒன்றுக்கு மேற்பட்டவை, ஓரம் கலங்கியவை, முன்பு இல்லாமல் இப்போது முளைத்தவை: இவைதான் எங்களை நிமிர்ந்து உட்கார வைப்பவை. லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் அப்படி வரலாம். மார்பகம், நுரையீரல், சூலகம் ஆகியவற்றின் புற்றுநோயோ, மெலனோமா என்னும் தோல் புற்றுநோயோ பரவியும் வரலாம். ஆனால் வேறெங்கும் பரவாமல் மண்ணீரலுக்கு மட்டும் புற்றுநோய் வந்து குந்துவது அரிது.

இவ்வளவு சொன்ன பிறகும் படத்தை மட்டும் வைத்து எல்லாவற்றையும் பிரித்துவிட முடியாது. ஹெமன்ஜியோமா போலவே தெரியும் வேறு கட்டிகள் உண்டு. ஆகவே புள்ளியின் முகத்தைப் பார்ப்பதைவிட, புள்ளிக்குச் சொந்தக்காரரைப் பார்ப்பது பயன் தரும். அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியின் குழு 2013இல் மண்ணீரல் தற்செயல் கண்டுபிடிப்புகளுக்கென ஒரு வழிகாட்டி வெளியிட்டது. சி.ரி., எம்.ஆர்.ஐ. படங்களுக்காக எழுதப்பட்டது அது. ஆனாலும் அதன் நியாயம் அல்ட்ராசவுண்டுக்கும் ஒத்துவரும். சுருக்கினால் மூன்று கேள்விகள். இதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா? இவருக்கு முன்பு புற்றுநோய் வந்ததா? இப்போது அறிகுறி ஏதும் உண்டா?

இரண்டாவது கேள்வியின் எடையை 2018இல் 'ரேடியோலஜி' சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வு நன்றாகக் காட்டுகிறது. சி.ரி.யில் மண்ணீரல் கட்டி தெரிந்தவர்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். புற்றுநோய் வரலாறும் இல்லை, அறிகுறியும் இல்லை என்ற கூட்டத்தில் தீய கட்டி நூற்றுக்கு ஒன்று. முன்பே புற்றுநோய் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு. காய்ச்சல், நோவு, மெலிவு போன்ற அறிகுறிகள் இருந்தவர்களில் நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். உறுப்பும் ஒன்று, கருவியும் ஒன்று. அர்த்தம் மட்டும் முப்பது மடங்கு மாறுகிறது. அதனால்தான் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தெடுத்த ஒருவரின் 1 செ.மீ. கறுப்புப் புள்ளிக்கு அடுத்த வாரமே எம்.ஆர்.ஐ.க்கு ஓடுகிறேன், கல்யாணத்துக்கு முன் செக்கப் செய்த 28 வயதுப் பிள்ளையின் அதே அளவு வெளிச்சப் புள்ளிக்கு ஓடுவதில்லை. ஸ்கான் செய்பவரிடம் பழைய நோய்களைச் சொல்ல வெட்கப்படுபவர்கள் நம்மிடையே அதிகம். மார்பகம் எடுத்ததை மருமகளுக்குத் தெரியாமல் வைத்திருந்த ஒரு மாமி, ஸ்கான் அறையில் மருமகள் பக்கத்தில் நின்றதால் அதைச் சொல்லாமலே விட்டார். தனியாகக் கேட்டபோதுதான் சொன்னார்.

முதற் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் கொழும்பில் சறுக்குவது இங்கேதான். ஒரு வருடத்துக்கு முந்திய படத்திலும் அதே புள்ளி அதே அளவில் இருந்தால், பெரும்பாலானவர்களுக்கு விஷயம் அத்தோடு முடிந்தது. சி.ரி. வேண்டாம், எம்.ஆர்.ஐ. வேண்டாம், ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயொப்சியும் வேண்டாம். ஒரு ரூபாய் செலவில்லாமல், ஒரு ஊசி போடாமல் கிடைக்கிற பரிசோதனை பழைய படம். ஆனால் அதை வைத்திருப்பவர் யார்? இந்த வருடம் பம்பலப்பிட்டியில் சனல் பண்ணி (காசு கட்டி நேரம் எடுத்து) வைத்தியரைப் பார்க்கிறோம், அடுத்த வருடம் நாரஹேன்பிட்டியில், அதற்கடுத்தது தெஹிவளையில் மலிவாக இருக்கிறதென்று. ஓர் இடத்துக் கணினி இன்னோர் இடத்தோடு பேசாது. அரச ஆஸ்பத்திரியில் கிளினிக் புத்தகத்தில் இரண்டு வரி எழுதியிருப்பார்கள், படம் இருக்காது. என் சொந்தத் தாயாரின் ஸ்கான் படங்களைக் கேட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மூன்று தரம் போனேன். கடைசியில் "அந்த மெஷினை மாத்தியாச்சு, பழைய டேட்டா இல்லை" என்றார்கள். அன்றிலிருந்து என்னிடம் வருபவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்: ரிப்போர்ட் மட்டும் போதாது, படத் தாளையும் வாங்குங்கோ, அந்த இடத்திலேயே போனில் ஒரு போட்டோ எடுங்கோ. வெப்பத்தில் கறுத்துப்போகும் தாள் அது. இரண்டு வருடம் ஃபைலுக்குள் கிடந்தால் ஒன்றும் தெரியாது.

பழைய படம் இல்லையென்றால்? புற்றுநோய் வரலாறு இல்லை, அறிகுறி இல்லை, புள்ளி சாதுவாகத் தெரிகிறது என்றால் ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் திரும்பப் பார்ப்பது நியாயமான வழி. கூடியவரை அதே இடத்தில், அதே ஆளிடம். தெளிவான நீர்க்கட்டி, குட்டி மண்ணீரல், சுண்ணாம்பு என்றால் அதுவும் தேவையில்லை.

"ஏன் தம்பி, சி.ரி. ஒண்டை எடுத்துப்போட்டு நிம்மதியா இருக்கலாமே?" என்று அந்த அம்மாவும் கேட்டார். எல்லாரும் கேட்பது. வயிற்று சி.ரி. ஒன்றில் சேரும் கதிர்வீச்சு ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மூன்று நான்கு வருடங்களில் நாம் சும்மா வாங்கும் அளவு. அது தவிர, படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றும் சாய மருந்தும் இருக்கிறது. சீனி வருத்தத்தால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது யோசிக்க வேண்டிய விஷயம். இவற்றைவிட வேடிக்கையானது ஒன்று: சாயம் ஏற்றிய முதல் அரை நிமிடத்தில் படம் எடுத்தால் ஆரோக்கியமான மண்ணீரலே வரிக்குதிரைபோல் கோடு கோடாகத் தெரியும், இரத்தம் உள்ளே வெவ்வேறு வேகத்தில் ஓடுவதால். பழக்கமில்லாத கண் அதையும் கட்டியென்று எழுதலாம். ஒரு புள்ளியைத் தீர்க்கப் போய் ஐந்து புள்ளியோடு வருவது இப்படித்தான். உண்மையில் இன்னொரு படம் தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. நல்லது, அரச ஆஸ்பத்திரியில் காத்திருப்பு நீளம், தனியாரில் காசு கனம்.

அதற்கடுத்த படி பயொப்சி. இரத்தம் நிறைந்த பஞ்சுபோன்ற உறுப்புக்குள் ஊசி விடுவது. மெல்லிய ஊசியும் தேர்ந்த கையும் இருந்தால் பாரதூரமான சிக்கல் நூற்றுக்கு ஒன்று இரண்டு என்ற அளவில்தான். லிம்ஃபோமாச் சந்தேகத்தில் அது மதிப்புள்ள வேலை. சாதுவான புள்ளிக்கு அதே ஒன்று இரண்டு சதவீதம் அதிக விலை. மண்ணீரலையே எடுத்துவிடலாமே என்பவர்களும் இருக்கிறார்கள். "அது இல்லாமலும் வாழலாமாமே?" வாழலாம். ஆனால் நியூமோகொக்கஸ் போன்ற கிருமிகள் இரத்தத்தில் கலந்தால் வடிகட்டிப் பிடிப்பது மண்ணீரல்தான். அது இல்லாதவருக்குக் காலையில் வந்த காய்ச்சல் இரவுக்குள் உயிரை எடுக்கலாம். அதனால்தான் திட்டமிட்டு எடுப்பவர்களுக்குக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்னமே நியூமோகொக்கல், மெனிங்கோகொக்கல், ஹிப் என்ற மூன்று வகைக் கிருமிகளுக்கான தடுப்பூசிகள் போடுகிறோம். எடுத்த பிறகு வாழ்நாள் முழுதும் காய்ச்சலுக்குப் பயந்து நடக்கச் சொல்கிறோம்.

இதுவரை பொறுமை பற்றிச் சொன்னேன். பொறுக்கக்கூடாத ஒரு காட்சி இருக்கிறது. சீனி வருத்தக்காரர், இரண்டு மூன்று வாரக் காய்ச்சல், மண்ணீரலிலும் ஈரலிலும் சின்னச் சின்னக் கறுப்புக் குழிகள். இது தற்செயல் கண்டுபிடிப்பே அல்ல. நம் நாட்டில் இப்படி ஒருவரைப் பார்த்தால் மெலியோய்டோசிஸ் நினைவுக்கு வர வேண்டும். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி; வயலில் இறங்குபவர்களையும், மழைக்காலத்தில் சேற்றில் புழங்குபவர்களையும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சீனி கூடியவர்களையும் பிடிக்கிறது. இலங்கையில் முதன்முதலாக 1927இல் பதிவானபோது நோயாளி ஓர் ஐரோப்பியத் தேயிலைத் தரகர். பிறகு பல பத்தாண்டுகள் அரிதான நோயென்றே கிடந்தது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் நுண்ணுயிரியலாளர் எனோக்கா கொரியா முதலியோர் தேடத் தொடங்கிய பிறகுதான் தீவின் பல பகுதிகளிலும் அது இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. ஆய்வுகூடத்தில் சாதாரணக் கிருமியென்று தள்ளிவிடக்கூடியது அது. "மெலியோய்டோசிஸா என்று பாருங்கள்" என்று துண்டில் எழுதி அனுப்பினால் தேடுவார்கள். வழமையான அன்ரிபயோட்டிக் பல இதற்குக் கேட்காது. நரம்பு வழியாக வாரக்கணக்கிலும் குளிசையாக மாதக்கணக்கிலும் மருந்து வேண்டும். கொழும்பில் இருப்பவர் ஊருக்குப் போய்க் காணியில் நின்றுவிட்டு வந்தாரா என்று கேட்பது இதனால்தான்.

புள்ளி இல்லாமல் மண்ணீரல் மொத்தமாகப் பெருத்திருக்கிறது என்று வருவது இன்னொரு வகை. 12 செ.மீ. என்ற கோடு வசதிக்குப் போட்ட கோடு. ஆறடி உயர ஆணுக்கு 13 இருந்தாலும் அது அவருடைய அளவாக இருக்கலாம். அண்மையில் வைரஸ் காய்ச்சல் வந்ததா என்று கேட்டு, வந்திருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளப்பது என் வழக்கம். அதோடு ஒரு எஃப்.பி.சி. (இரத்த அணுக்களின் எண்ணிக்கை), பிளட் பிக்சர், ஈரல் பரிசோதனை. பிளட் பிக்சர் என்பது கண்ணாடித் தகட்டில் இரத்தத் துளியைத் தேய்த்து ஒரு மனிதக்கண் நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. விலை குறைவு, சொல்லும் செய்தி அதிகம். தலசீமியா என்னும் பரம்பரை இரத்தநோயின் சாயல், லியூக்கீமியா என்னும் இரத்தப் புற்றுநோயின் முதற்சுவடு, பழைய தொற்றின் தடம் எல்லாம் அதில் தெரியும்.

இன்று கொழும்பில் பெருத்த மண்ணீரலுக்குப் பின்னால் நான் அதிகம் சந்தேகிப்பது ஈரலை. கொழும்புக்கு அருகேயுள்ள றாகமயில் நகர்ப்புற மக்களிடையே நடந்த ஆய்வொன்றில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது அப்படியே நிற்கும். சிலருக்கு வருடங்கள் போகப்போக ஈரல் இறுகும். இறுகிய ஈரலுக்குள் இரத்தம் நுழைய முடியாமல் பின்னுக்குத் தள்ள, மண்ணீரல் வீங்கும். ஆகவே ரிப்போர்ட்டில் 'கொழுப்பு ஈரல், மண்ணீரல் 13.5' என்று இரண்டும் சேர்ந்து வந்து, பிளேற்லெற்றும் ஒரு இலட்சத்து இருபதாயிரம் என்று குறைந்திருந்தால், எனக்கு மண்ணீரலின் மேல் கவலையில்லை. ஈரல் நிபுணருக்குக் கடிதம் எழுதுகிறேன். டெங்கு இல்லாத நாளில் பிளேற்லெற் குறைவாக இருப்பதைக் கவனிக்கச் சொல்லி வீட்டாருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. டெங்கு ஊரில் அந்த எண்ணை எல்லாருக்கும் தெரியும், ஆனால் டெங்கோடு மட்டுமே சேர்த்துத் தெரியும்.

இரவில் உடுப்பு நனையும் வியர்வை, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்திலொரு பங்கு குறைவு, கழுத்திலோ கமக்கட்டிலோ நெறி கட்டியிருப்பது. இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் மேலே சொன்ன பொறுமைக் கணக்கு செல்லாது. அவர்கள் இரத்தநோய் நிபுணரிடம் போக வேண்டும்.

அந்த அம்மாவுக்கு இவை எதுவும் இல்லை. புற்றுநோய் வந்ததில்லை என்றார். பழைய ஸ்கான் ஏதும் எடுத்ததுண்டா என்று கேட்டேன். யோசித்துவிட்டு இல்லையென்றார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"கர்ப்பப்பை எடுக்கேக்க ஒண்டு எடுத்தவை. அது கீழ்வயிறுதானே தம்பி?"

"எதுக்கும் கொண்டு வாங்கோ அம்மா."

மூன்று நாள் கழித்து மகள் மட்டும் வந்தாள். அலுமாரியின் மேல்தட்டில், சாரிகளுக்குக் கீழே, புடைவைக்கடைப் பையொன்றில் இருந்ததாம். 2014ஆம் ஆண்டு ரிப்போர்ட். சத்திரசிகிச்சைக்கு முந்திய முழு வயிற்று ஸ்கான். படத் தாள் எதிர்பார்த்தபடி கறுத்துப்போயிருந்தது. ஆனால் ரிப்போர்ட்டின் நாலாவது வரி தெளிவாக இருந்தது: மண்ணீரலில் 1.3 செ.மீ. வெளிச்சப் புள்ளி, ஹெமன்ஜியோமாவாக இருக்கலாம். அப்போது யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. கர்ப்பப்பையைப் பற்றிய பேச்சில் அந்த வரி அமுங்கிப்போயிருக்கிறது.

ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் அளப்பவரின் விரலில் வருவது. சி.ரி. எழுதிய துண்டை மகளிடமிருந்து வாங்கி ஃபைலின் பின்னால் செருகினேன். ஈரல் கொழுப்புக்கு நடக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள், "இதுக்கு மருந்து ஒண்டும் இல்லையா டொக்டர்?"